கச்சான் காற்று ஊதிய உலைகள்: ஊவா மலைச்சரிவில் பிறந்த உருக்கு

ஓகஸ்ட் மாதத்தில் அப்புத்தளையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களுக்கு அந்தக் காற்றைத் தெரியும். குடை பிடிக்க முடியாது. லயன் வீடுகளின் தகரக் கூரைமேல் கல்லையும் பழைய டயரையும் ஏற்றி வைத்திருப்பார்கள். தென்மேற்குப் பருவத்தின் இந்தக் காற்று யாழ்ப்பாணத்தில் சோளகம், மட்டக்களப்பில் கச்சான். பெயர் எதுவானாலும் காற்று ஒன்றுதான். மலையின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, வறண்டு, வேகமெடுத்து ஊவாப் பக்கம் இறங்குகிறது.

தேயிலைக்காரருக்கு இது நல்ல காலம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை இந்த வறண்ட காற்று பட்ட கொழுந்துக்குத் தனி வாசம் உண்டு. ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் பெயர் வாங்கியது அந்த மூன்று மாதங்களால்தான். பறித்த கைக்கு அந்தப் பெயரில் என்ன பங்கு கிடைத்தது என்பது வேறு கட்டுரை.

இந்தக் காற்றுக்குத் தேயிலையைவிட மிகப் பழைய ஒரு வேலை இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அது இரும்பு உலைகளை ஊதியது. துருத்தி இல்லை, துருத்தி மிதிக்க ஆளும் இல்லை. மலைமுகட்டில் களிமண் உலையைக் கட்டிவிட்டுக் காற்றுக்காகக் காத்திருந்தார்கள். அப்படி எடுத்த உலோகத்தில் வெறும் இரும்பு மட்டுமல்ல, உருக்கும் இருந்தது. தமிழ்நாட்டார் எஃகு என்று எழுதுவதை நாங்கள் உருக்கு என்கிறோம்.

அணைக்கட்டு காட்டிக்கொடுத்த உலைகள்

பதுளையிலிருந்து பண்டாரவளை, அப்புத்தளை, பெரகலை, அல்தும்முல்லை வழியாகப் பலாங்கொடைக்குப் போகும் பாதையில், பெலிகுல்ஓயாவை நெருங்கும்போது ஊவா மாகாணம் முடிந்து சப்ரகமுவ தொடங்கும். அந்த எல்லைக்குக் கீழே, வளவை கங்கையை மறித்துக் கட்டியதுதான் சமனலவெவ நீர்த்தேக்கம். மின்சாரத்துக்காக அந்தப் பள்ளத்தாக்கை நீரில் மூழ்கடிக்கும் முன்பு அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு தொல்பொருள் ஆய்வு நடந்தது. அதை நடத்தியவர் பிரித்தானியத் தொல்லியலாளர் ஜில் ஜூலெவ்.

அவர் கண்டது 139 இரும்பு உருக்கிய இடங்கள். அவற்றில் 77 இடங்கள் ஒரே மாதிரியானவை. எல்லாமே மேற்கைப் பார்த்த சரிவின் விளிம்பில், காற்று முகத்தில் அறையும் இடத்தில் இருந்தன. வழக்கமாக உலை போடுகிறவர் காற்றுக்கு மறைவான இடத்தைத்தான் தேடுவார். இவர்கள் நேர்மாறாகச் செய்திருந்தார்கள். காலக்கணிப்பு அவற்றை 7ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் வைத்தது.

உலோகவியலாளர்கள் முதலில் இதை நம்பத் தயங்கினார்கள். காற்று ஒரு நேரம் அடிக்கும், ஒரு நேரம் அடங்கும். அதை வைத்து ஒழுங்கான வெப்பம் எடுக்க முடியாது, துருத்தி இல்லாமல் நல்ல உருக்கு வராது என்பதுதான் அன்றைய பொதுக் கருத்து. ஜூலெவ் அதே இடத்தில், அதே அளவில் உலையை மீளக் கட்டி, 1994ஆம் ஆண்டின் பருவக்காற்றில் எரித்துப் பார்த்தார். உலை வேலை செய்தது. கிடைத்த உலோகத்தில் காபன் கூடிய உருக்கும் இருந்தது. 1996 ஜனவரியில் 'நேச்சர்' இதழ் அந்தக் கட்டுரையை வெளியிட்டது.

முன்சுவரில் இருந்த சூட்சுமம்

உலை என்றதும் புகைக்கூண்டு மாதிரி உயர்ந்த ஒன்றை நினைக்கிறோம். இது அப்படியல்ல. நீளமான, உயரம் குறைந்த தொட்டி போன்றது. பின்பக்கம் வில் போல வளைந்த சுவர், மண்ணோடு சேர்ந்து நிரந்தரமாக நிற்கும். முன்பக்கம், காற்றைப் பார்த்தபடி, நேரான களிமண் சுவர். அதன் அடியில் வரிசையாகக் களிமண் குழாய்கள். உள்ளே மரக்கரியும் இரும்புத் தாதும்.

காற்று நேராகக் குழாய்க்குள் புகுந்து நெருப்பை ஊதுகிறது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். நடப்பது அதைவிட நுட்பமானது. சரிவில் ஏறிவரும் காற்று முகட்டில் வேகம் கூடுகிறது. முன்சுவரின் மேல்விளிம்பைத் தாண்டிக் குதிக்கும்போது, சுவருக்கு உட்பக்கம், உலையின் வாய்க்கு மேல் அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உருவாகிறது. கீழே குழாய் வாயில் அழுத்தம் கூட, மேலே குறைவு. அந்த வித்தியாசம் காற்றைக் குழாய் வழியாக உள்ளே இழுக்கிறது. உலை தானாகவே மூச்சு வாங்குகிறது என்று சொல்லலாம். கடும் காற்றில் லயன் கூரைத் தகரம் மேலே தூக்கப்படுவதும் இதே காரணத்தால்தான். தகரத்தைக் காற்று கீழிருந்து தள்ளுவதோடு, மேலிருந்தும் உறிஞ்சுகிறது.

வட்டமாகக் கட்டாமல் நீளமாகக் கட்டியதன் நியாயமும் இதில்தான் இருக்கிறது. நேரான நீண்ட சுவர் முழுவதற்கும் அந்த இழுப்பு ஒரே சீராகக் கிடைக்கும். குழாய் வாயருகே வெப்பம் 1,200 பாகை செல்சியஸைத் தாண்டும். இரும்பு முழுதாக உருகி ஓட 1,538 பாகை வேண்டும். இங்கே அவ்வளவு தேவையில்லை. மரக்கரியிலிருந்து வரும் வாயு தாதிலுள்ள ஒட்சிசனைப் பறித்துக்கொள்கிறது. மண்ணும் கல்லும் உருகிக் கிட்டமாக வடிகிறது. இரும்பு பஞ்சு போன்ற கட்டியாக அடியில் சேர்கிறது. கட்டியை எடுக்க முன்சுவரை உடைக்க வேண்டும். அடுத்த முறை புதிதாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு உருக்குதலுக்கும் ஒரு சுவர். உடைந்த சுவர்த் துண்டுகளும் குழாய்த் துண்டுகளும் கிட்டமும் குவிந்து கிடந்ததால்தான் ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு அந்த இடங்களைக் கண்டுபிடிக்க முடிந்தது.

யாருடைய உலை?

'தொல்பொருள்' என்ற சொல்லைக் கேட்டதும் இந்தக் கட்டுரையை வாசிக்கும் பலருக்கு நெஞ்சு ஒருமுறை இறுகும். குருந்தூர் மலை, கன்னியா வெந்நீரூற்று என்று பட்டியல் போட வேண்டியதில்லை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, முதலில் நியமிக்கப்பட்டவர்களில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. மண்ணைக் கிண்டினால் காணி போய்விடும் என்ற பயம் எங்களுக்குச் சும்மா வரவில்லை.

அதே பயம் இன்னொரு ஆசையையும் வளர்த்திருக்கிறது. எங்காவது ஒரு பழைய பொருள் கிடைத்தால் அது எங்களுடையது என்று உடனே நிறுவிவிட வேண்டும் என்ற ஆசை. சமனலவெவ உலைகளைச் சோழரோடு முடிச்சுப் போடும் பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். காலம் பொருந்தவில்லை. சோழர் இலங்கையை வென்றது 10ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும். உலைகளோ 7ஆம் நூற்றாண்டிலேயே எரிந்தன. மறுபக்கம், இவை ஒரு இனத்தின் பெருமைச் சின்னம் என்று எழுதுகிறவர்களுக்கும் உலையில் கையெழுத்து எதுவும் இல்லை. மண்ணில் கிடைத்தது தொழில். அந்த முகட்டில் கரி சுட்டவர்களின், தாது சுமந்தவர்களின், ஒவ்வொரு முறையும் சுவர் குழைத்துக் கட்டியவர்களின் வேலை. மலையகத்தில் வளர்ந்தவனுக்கு அது போதுமான உறவு என்பது என் எண்ணம்.

அந்த உருக்கு வெளியுலகுக்கும் போயிருக்க வேண்டும். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில், சரந்தீப் உருக்கிலான வாள்களைக் குறிப்பிடுகிறார். சரந்தீப் என்பது இலங்கைதான்.

குமாரசுவாமி கண்ட இரண்டாவது உலை

காற்றுலைகள் 11ஆம் நூற்றாண்டோடு மறைந்தாலும் உருக்குச் செய்யும் அறிவு அந்தச் சரிவில் முற்றாக அழியவில்லை. இதை எழுத்தில் பதிந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை அறிஞராகத்தான் அவரை நமக்குத் தெரியும். அவர் படித்தது புவிச்சரிதவியல். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் முதல் இயக்குநராக இருந்தார். சேர் முத்து குமாரசுவாமியின் மகன், தாய் ஆங்கிலேயர். கல்லைத் தேடி மலை மலையாகத் திரிந்தபோது கொல்லர்களையும் தேடினார். பலாங்கொடைப் பக்கத்தில் உருக்குச் செய்த சிங்களக் கொல்லர்களின் முறையை 1908இல் வெளிவந்த 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற நூலில் எழுதி வைத்தார். அப்போதே அது தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

அவர்களின் உலை வேறு வகை. அதில் தாதை உருக்கவில்லை. முன்பே எடுத்த இரும்புத் துண்டை மரச் சீவல்களோடு ஒரு நீண்ட களிமண் மூசைக்குள் இட்டு, வாயை மூடி, துருத்தி ஊதி வெண்சூடாக்கினார்கள். மரம் கரியாகி, அந்தக் காபன் இரும்புக்குள் போகும். காபன் ஏற ஏற இரும்பு உருகும் வெப்பநிலை குறையும். அதனால் உள்ளே இரும்பு உருகிவிடும். ஆறியதும் மூசையை உடைத்தால் சிறிய உருக்குக் கட்டி. தென்னிந்தியாவிலும் இதே முறைதான். 19ஆம் நூற்றாண்டில் அங்கே பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்த ஹீத், மூசைக்குள் ஆவாரை மரத்துண்டையும் எருக்கிலையையும் இடுவார்கள் என்று எழுதியிருக்கிறார்.

பிரித்தானியரின் மலிவான உருக்கு கப்பலில் வந்து இறங்கியதும் இந்த உலைகள் அணைந்தன. பிறகு எல்லாம் இறக்குமதி. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைப் பற்றி நம்மூரில் எல்லாரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. பாலத்துக்கு வரவேண்டிய உருக்கு முதலாம் உலகப் போருக்குப் போய்விட்டதால் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டினார்களாம். கதை எவ்வளவு உண்மையோ, உருக்கு என்றால் சீமையிலிருந்து வருவது என்று எல்லாரும் நம்பிய காலம் அது என்பது மட்டும் தெரிகிறது. அந்தப் பாலத்திலிருந்து ஒருநாள் நடைதூரத்தில் உருக்குச் செய்தவர்களின் கிட்டக் குவியல்கள் கிடந்தன.

பெரியப்பாவின் கவ்வாத்துக் கத்தி

உருக்கு கையில் கிடைத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. மூன்றாவது நெருப்பு ஒன்று வேண்டும்.

என் பெரியப்பா 1977 வன்செயலுக்குப் பிறகு பதுளைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வன்னிக்குப் போனவர். கொண்டுபோனவற்றில் ஒன்று கவ்வாத்துக் கத்தி. தேயிலை இல்லாத மண்ணில் கவ்வாத்துக் கத்தி எதற்கு என்று கேட்டால், "நல்ல இரும்புடா தம்பி, விட்டுட்டு வர மனசு வரல" என்பார். முனை மழுங்கி, வளைந்து போனபோது கொல்லுப்பட்டறைக்குக் கொடுத்து அடித்து வாங்கினார். திரும்பி வந்த கத்தி மூன்றாம் நாள் பல் உடைந்தது. கொல்லர் தண்ணீரில் தோய்த்ததோடு நிறுத்திவிட்டார் என்று சொல்லி, பெரியப்பா வீட்டு அடுப்பிலேயே அதைச் சரி செய்தார்.

அவர் செய்தது இதுதான். உருக்கை ஏறக்குறைய 727 பாகைக்கு மேல் சூடாக்கும்போது அதன் உள்ளமைப்பு மாறுகிறது. காபன் இரும்புக்குள் கரைந்து பரவுகிறது. மெல்ல ஆறவிட்டால் காபன் பிரிந்து பழைய நிலைக்கு வந்துவிடும், உருக்கு மென்மையாக இருக்கும். செந்தணலாய் இருக்கும்போதே தண்ணீரில் தோய்த்தால் காபனுக்குப் பிரிய நேரம் கிடைக்காது, உள்ளேயே சிக்கிக்கொள்ளும். உருக்கு கடினமாகும், கூடவே கண்ணாடி போல உடையும். அதனால் மறுபடி மெல்லச் சூடாக்க வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய உருக்கைத் தணலுக்கு மேல் பிடித்தால் நிறம் ஓடும். 220 பாகையளவில் வைக்கோல் மஞ்சள், 255இல் பழுப்பு, 280இல் ஊதா, 300இல் நீலம். மஞ்சளில் நிறுத்தினால் கூர் நிற்கும், ஆனால் எளிதில் உடையும். நீலத்துக்குப் போனால் வளைந்து கொடுக்கும், கூர் சீக்கிரம் போகும். கவ்வாத்துக் கத்தி முற்றிய வாதை ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும், பழுப்புக்கும் ஊதாவுக்கும் இடையில் நிறுத்தினால் சரி. பெரியப்பாவிடம் வெப்பமானி இல்லை. நிறம் மட்டும் தெரியும்.

கொழுந்துக் கம்பியும் முள்கம்பியும்

இன்றைய தொழிற்சாலை உலைகள் செய்வதும் இதையேதான், கிலோமீற்றர் கணக்கான கம்பிக்கு.

ஊவாத் தோட்டங்களில் ஒரு காலத்தில் கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் மாட்டி மலையிலிருந்து தொழிற்சாலைக்கு இறக்கினார்கள். அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்ன தோட்டத்தை 1890இல் வாங்கிய லிப்டனும் இந்த ஏற்பாட்டைச் செய்தவர். இப்படிப்பட்ட வேலைக்கான கம்பியில் காபன் நூற்றுக்கு 0.6 முதல் 0.8 வரை இருக்கும். தடித்த கம்பியைத் துளை வழியே இழுத்து இழுத்து மெல்லியதாக்குவார்கள். இழுக்க இழுக்க அது இறுகி, ஒரு கட்டத்துக்கு மேல் அறுந்துவிடும். அறாமல் இருக்க ஒரு வழி கண்டவர் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹோர்ஸ்போல். 1854இல் காப்புரிமை எடுத்தார். அந்தக் காப்புரிமையே பெயராகி, இன்றும் ஆங்கிலத்தில் அந்த முறைக்குப் 'பேற்றன்ரிங்' என்றுதான் பெயர்.

கம்பி நீண்ட உலை ஒன்றின் ஊடாக 900 பாகைக்கு மேல் சூடாகி ஓடும். வெளியே வந்ததும் 500 முதல் 550 பாகையில் உருகிய ஈயத் தொட்டிக்குள் இறங்கும். தண்ணீரில் தோய்த்தால் உடையும், காற்றில் ஆறினால் போதிய பலம் வராது. இரண்டுக்கும் நடுவில் நிற்கத்தான் ஈயம். அப்போது இரும்பும் காபன் சேர்ந்த பகுதியும் மிக மெல்லிய அடுக்குகளாக மாறி மாறி அமையும். அந்தக் கம்பியை மேலும் இழுக்கலாம், பலம் கூடிக்கொண்டே போகும். இன்றைய இழுவைக் கயிறுகளில் உள்ள 2 மில்லிமீற்றர் தடித்த ஒற்றைக் கம்பி அரைத் தொன்னுக்கு மேல் தாங்கும். ஈயப் புகை தொழிலாளரின் இரத்தத்தில் சேரும் நஞ்சு என்பதால், பல இடங்களில் ஈயத்துக்குப் பதிலாக மணல் உலை வந்திருக்கிறது. அடியிலிருந்து காற்றை ஊதினால் மணல் தண்ணீர் மாதிரிக் கொதித்துப் புரளும், கம்பி அதற்குள் ஓடும். மறுபடியும் காற்றுதான்.

மென்மையான கம்பிக்கு வேறு உலை. கூரைக்கும் கொங்கிறீற்றுக்கும் கட்டுகிற கட்டுக்கம்பி கையால் முறுக்கினால் முறுக வேண்டும். சுருள்களை அடுக்கி, மணி போன்ற பெரிய மூடியால் மூடி, உள்ளே காற்றை அகற்றி வேறு வாயுவை நிரப்பி, 700 பாகையளவில் பல மணிநேரம் வைத்து, மெல்ல ஆறவிடுவார்கள். காற்று இருந்தால் கம்பி கருகிச் செதில் தட்டும். வில்லுக் கம்பிக்கு எண்ணெயில் தோய்த்தல், பிறகு மீண்டும் சூடாக்கல். பெரியப்பாவின் அடுப்பு வேலை, ஓடுகிற கம்பியில்.

முள்கம்பி பெரும்பாலும் காபன் குறைந்த மென்கம்பி. முள்ளை முறுக்கிச் சுற்ற வேண்டுமே. துருப்பிடிக்காமல் இருக்க அதை 450 பாகையளவில் உருகிய நாகத்தில் தோய்த்து எடுப்பார்கள். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் பெரியப்பா குடும்பம் பார்த்துக்கொண்டிருந்தது அந்த நாகப் பூச்சைத்தான். எத்தனை மழைக்கும் துருப்பிடிக்காத கம்பி. அங்கே போகும் வழியில் கவ்வாத்துக் கத்தி தொலைந்தது. சோதனையில் எடுத்தார்களா, ஓடும்போது விழுந்ததா என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முகாம் 2012இல் மூடப்பட்டது.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு

காற்றை உணர வேண்டுமானால் ஜூலையிலோ ஓகஸ்டிலோ போங்கள். பதுளையிலிருந்து அப்புத்தளை வழியாகப் பலாங்கொடைப் பாதையில் இறங்கினால் போதும். கண்டறிந்த இடங்களில் ஒரு பகுதி நீருக்குள் போய்விட்டது. வழியில் காலில் தட்டுப்படும் கறுப்புக் கல் ஒன்று அளவுக்கு மீறிக் கனத்து, மேலே பாகு வடிந்து உறைந்த மாதிரிச் சுருக்கங்கள் இருந்தால், அது கல்லாக இருக்காது, கிட்டம். பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி அதை எடுத்து வருவது குற்றமாகலாம். ஒரு துண்டு இடம் மாறினாலும் அந்த இடத்தில் உலை இருந்ததற்கான சாட்சி ஒன்று குறைகிறது.